மின்மானியின் சிவப்புப் பொட்டை எண்ணிக் கற்றவை

திருகோணமலை உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டின் முன்சுவரில் இருக்கும் மின்மானியில் ஒரு சிவப்புப் பொட்டு சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகில் 1600 என்ற எண் அச்சிடப்பட்டிருக்கிறது. ஓர் அலகு மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட் மணி, செலவாவதற்குள் அந்தப் பொட்டு 1600 முறை சிமிட்டும் என்பதே அதன் பொருள். உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற வகையில் இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணை நான் உற்றுப் பார்த்தது 2023 ஆம் ஆண்டில், மின்கட்டணம் உயர்ந்து, அறிவியல் ஆய்வுகளுக்காக இரவும் பகலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என் கணினிக்கு எதிராக வீட்டில் குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்ட பிறகுதான். "இஞ்சாருங்கோ, இந்தப் பெட்டி இரவிலையும் நித்திரை கொள்ளாதோ?" என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பெட்டி உண்மையில் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

அன்றிரவு குளிர்சாதனப் பெட்டியையும் மின்விசிறிகளையும் நிறுத்தி, கணினி இருக்கும் அறைக்குரிய சுற்றைத் தவிர மற்ற எல்லா ஆளிகளையும் (சுவிட்சுகளையும்) கீழே தள்ளிவிட்டு, கைபேசியின் நிறுத்தற் கடிகாரத்துடன் மின்மானியின் முன்னால் நின்றேன். பத்துச் சிமிட்டல்களுக்கு 115 வினாடிகள் சென்றன. ஒரு சிமிட்டல் என்பது ஓர் அலகின் 1600இல் ஒரு பங்கு என்பதால், 36,000ஐ 1600ஆலும் 115ஆலும் வகுத்தால் கிலோவாட்டில் விடை வரும்: ஏறத்தாழ 196 வாட். அதே நேரத்தில் கணினித் திரையில், அந்தக் கணக்குகளில் பெரும்பகுதியைச் செய்யும் கிராபிக்ஸ் கார்டின் மின்செலவு 125 வாட் என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. நான் அதுவரை என் மனத்திலும் வீட்டிலும் சொல்லிவந்த கணக்கு அந்த 125தான். சுவரில் நுழைவதற்கும் கார்டில் கரைவதற்கும் இடையில் 71 வாட் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கணினி என்ன செய்கிறது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பெரிய ஆய்வுக் கணக்குகளைச் சிறு பணிகளாக வெட்டி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் கணினிகளுக்கு அனுப்பி, விடைகளைத் திரும்பப் பெற்றுச் சேர்ப்பதுதான் தன்னார்வப் பகிர்வுக் கணிப்பு. வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞைகளைத் தேட 1999இல் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டம் இதைப் பரவலாக அறியச் செய்தது. 2020 மார்ச் இறுதியில் அது புதிய பணிகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அதே மாதத்தில்தான் ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நான், கொரோனா வைரசின் புரதங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தில் சேர்ந்தேன். என்னைப் போல உலகம் முழுவதும் மக்கள் ஒரே நேரத்தில் சேர்ந்ததால் அந்த வலையமைப்பின் மொத்தக் கணிப்பு வேகம் அந்த வசந்தத்தில் எக்ஸாஃபிளாப் எல்லையை, அதாவது செக்கனுக்கு நூறு கோடியின் நூறு கோடி மடங்கு கணக்குகளை, தாண்டியது. என் பங்கு, நகரத்துக் கணினிக் கடையொன்றில் இரண்டாங்கையாக வாங்கிய ஒரு ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டு. மின்சாரம் மலிவாக இருந்த காலம்; எவ்வளவு செலவாகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

2022இல் எல்லாம் நின்றது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, விளக்கெரிக்க இல்லாத மின்சாரத்தில் புரதங்களை ஆராய்வதற்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த ஆண்டு, இரண்டாங்கையாக ஒரு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிடைத்தபோது, ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில் மீண்டும் தொடங்கினேன். சுழன்றபடி சீரான துடிப்புகளை அனுப்பும் துடிவிண்மீன்களை (பல்சர்களை) வானொலித் தொலைநோக்கித் தரவுகளில் தேடும் பணிகள் அவை. இரண்டே மாதங்களில் வந்த மின்பட்டியல்தான் மேலே சொன்ன குற்றப்பத்திரிகைக்குக் காரணம். எங்கள் வீட்டின் வழக்கமான மாதப் பாவனை 140 அலகு. 196 வாட்டில் இரவும் பகலும் ஓடும் ஒரு பொருள் மாதத்துக்கு 141 அலகு எடுக்கும். அதாவது வீட்டுக்குள் இன்னொரு வீட்டைக் குடிவைத்திருந்தேன்.

வினைத்திறன் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும், முடித்த பணிகளுக்குத் திட்டம் வழங்கும் புள்ளிகள் ஒரு வாட்டுக்கு எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபோல்டிங் அட் ஹோம் திட்டத்தில் ஒரு பணியை விரைவாகத் திருப்பிக் கொடுத்தால் மிகைப்புள்ளி உண்டு, அது எடுத்துக்கொண்ட நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமாகக் கூடும். ஆகவே கார்டின் வேகம் 13 சதவீதம் குறைந்தால் ஒரு நாளின் பணிகள் 13 சதவீதம் குறையும், ஆனால் புள்ளிகள் கிட்டத்தட்ட 19 சதவீதம் குறையும். புள்ளியை வைத்து அளப்பவருக்குக் கார்டை மெதுவாக்குவது உண்மையில் இருப்பதைவிட நட்டமாகத் தெரியும். இதற்காக அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. அங்கே ஒரு பணியின் விடை வந்த பிறகுதான் அதன் தொடர்ச்சியான அடுத்த பணியைத் தொடங்க முடியும் என்பதால், விரைவுக்கு அறிவியல் மதிப்பு உண்டு. ஐன்ஸ்டைன் அட் ஹோமில் அந்தத் தொடர்ச்சி இல்லை. ஒரே வகைப் பணிக்கு ஒரே அளவு புள்ளிதான், இன்று கொடுத்தாலும் நாளை கொடுத்தாலும். எனவே நான் புள்ளிகளை விட்டுவிட்டு, ஒரே வகைப் பணிகளை மட்டும் எடுத்து, சுவரில் நுழையும் ஓர் அலகு மின்சாரத்தில் எத்தனை பணிகள் முடிகின்றன என்று எண்ணத் தொடங்கினேன். இனி வரும் எண்கள் எல்லாம் அந்த அளவையில் உள்ளவை. ரூபாயில் சொல்லாததற்குக் காரணம், கட்டணம் மாறும், அலகு மாறாது.

காணாமற்போன 71 வாட்டில் முதலில் பிடிபட்டது, சுவர் மின்சாரத்தைக் கணினிப் பாகங்களுக்கேற்ப மாற்றித் தரும் பவர் சப்ளை. கணினிப் பெட்டியோடு சேர்ந்து வந்த, பெயர் கேள்விப்படாத ஒன்று அது. கை வைத்தால் சுட்டது. 80 பிளஸ் புரோன்ஸ் என்ற வினைத்திறன் தரச்சான்று பெற்ற 450 வாட் பவர் சப்ளை ஒன்றை வாங்கி மாற்றி, மறுபடியும் இரவில் ஆளிகளைத் தள்ளி எண்ணினேன். பத்துச் சிமிட்டல்களுக்கு 126 வினாடி, ஏறத்தாழ 178 வாட். கார்டில் எதையும் தொடாமலே 18 வாட் மிச்சம். எஞ்சியதைத் தாய்ப்பலகை, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றோடு மையச் செயலியும் பங்கிட்டுக்கொள்கிறது. என்னுடையதைப் போன்ற என்விடியா நிறுவனக் கார்டில் இந்தப் பணிகள் ஓடும்போது, கார்டு முடித்துவிட்டதா முடித்துவிட்டதா என்று கேட்டபடியே மையச் செயலியின் ஒரு கரு (கோர்) முழுநேரமும் விழித்திருக்கிறது. அதற்கும் மின்சாரம் வேண்டும். பிறகு செருகியில் மாட்டும் வாட் மீற்றர் ஒன்றைக் கொழும்பிலிருந்து தருவித்துக்கொண்டேன். அது காட்டியதும் மின்மானிப் பொட்டு காட்டியதும் 2 வாட்டுக்குள் ஒத்துப்போயின. மீற்றர் கிடைக்காதவர்கள் பொட்டையே நம்பலாம். குளிர்சாதனப் பெட்டியைப் பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைக்காமல் எண்ணி முடித்தால் வீட்டில் சமாதானமும் நிலைக்கும்.

அடுத்தது கார்டு. ஒரு சில்லின் (சிப்பின்) மின்செலவில் பெரும்பங்கு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் மீடிறனையும் பெருக்கினால் வரும் தொகைக்கு விகிதசமமானது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு மீடிறன் என்றால் அதிர்வெண். மீடிறனைச் சிறிது குறைத்தால் அதற்குத் தேவையான மின்னழுத்தமும் குறைகிறது, அந்த மின்னழுத்தம் வர்க்கமாகக் கணக்கில் ஏறுவதால் செலவு வேகத்தைவிட விரைவாக இறங்குகிறது. தயாரிப்பாளர்கள் விளையாட்டு வேகத்துக்காகக் கார்டை இந்த வளைகோட்டின் செங்குத்தான பகுதியில் நிறுத்தி அனுப்புகிறார்கள். கடைசிச் சில சதவீத வேகத்துக்கு மிக அதிக விலை கொடுக்கப்படுகிறது. என் கணினி உபுண்டு இயங்குதளத்தில் ஓடுகிறது. அதில் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளைக் கருவியில் பிஎல் என்ற தெரிவுடன் வாட் எண்ணைக் கொடுத்தால், கார்டு அந்த எல்லைக்குள் தன் மீடிறனையும் மின்னழுத்தத்தையும் தானே சரிசெய்துகொள்ளும். விண்டோஸில் இதே வேலையை எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரின் வலு எல்லை நகர்த்தியால் செய்யலாம்.

ஒவ்வொரு எல்லையிலும் ஒரு முழு நாள் ஓட்டி, பணிகளின் சராசரி நேரத்தையும் சுவர் வாட்டையும் குறித்தேன். எல்லை 125 வாட்டில் இருந்தபோது ஒரு பணிக்கு 10 நிமிடம், சுவரில் 178 வாட். ஆகவே ஓர் அலகுக்கு ஏறத்தாழ 34 பணிகள். 110க்கு இறக்கியபோது 36, 95இல் 38. எல்லையை 80 ஆக்கியபோது பணிக்கு 11 நிமிடம் 30 வினாடி சென்றது, சுவரில் 128 வாட். அலகுக்கு 41 பணிகள். இன்னும் இறக்கினால் இன்னும் நன்றாக இருக்கும் என்ற ஆசையில் 70 வாட்டுக்குப் போனேன். பணிக்கு 12 நிமிடம் 50 வினாடி, சுவரில் 117 வாட், அலகுக்கு 40. வளைகோடு திரும்பிவிட்டது. கார்டைத் தவிர்ந்த மற்றப் பாகங்கள் எடுக்கும் மின்சாரம் எல்லையைக் குறைத்தாலும் குறைவதில்லை; பணி நீள நீள அந்த நிலையான செலவும் நீள்கிறது. கார்டின் மென்பொருள் காட்டும் வாட்டை மட்டும் பார்த்திருந்தால் 70தான் சிறந்தது என்று முடிவு கட்டியிருப்பேன். எந்த எல்லை பொருந்தும் என்பதைக் கார்டு மட்டும் தீர்மானிப்பதில்லை, அது பொருத்தப்பட்டிருக்கும் கணினியும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. என் 80 வாட்டை உங்கள் கணினியில் அப்படியே பிரதி செய்யாதீர்கள்.

இந்த எல்லையில் ஒரு பொறி உண்டு. கணினி நின்று மறுபடி எழும்பினால் அது மறந்துபோகும். ஒரு நாள் மழையோடு மின்சாரம் போய்ப் பத்து நிமிடத்தில் வந்தது. மின்சாரம் வந்ததும் தானாக எழும்பும்படி நான் வைத்திருந்த கணினி, தன் இயல்பான 125 வாட்டுக்கே திரும்பிப் போய் ஒன்பது நாட்கள் அப்படியே ஓடியது. பணிகள் திடீரென விரைவாக முடிவதைக் கண்டு நான் மகிழ்ந்தும் இருக்கிறேன், அதுதான் வேடிக்கை. இப்போது கணினி எழும்பும்போதே அந்தக் கட்டளை ஓடும்படி ஒரு சேவையாக எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் பகுதியில் மின்தடை அரிதல்ல என்பதால் பணிகளின் இடைச்சேமிப்பு இடைவெளியையும் கவனிக்க வேண்டும். மின்சாரம் போகும் கணத்துக்கும் கடைசிச் சேமிப்புக்கும் இடையில் செய்த வேலை முழுவதும் வீண்.

எல்லையை இறக்குவதோடு நான் நிற்கவில்லை. அதே மின்னழுத்தத்தில் மீடிறனை மட்டும் கூட்டி வைக்க முடியும். சில்லுக்குச் சில்லு தரம் வேறுபடுவதால் தயாரிப்பாளர் விட்டிருக்கும் பாதுகாப்பு இடைவெளியை அரித்துத் தின்பது போன்ற வேலை அது. முதல் வாரம் அற்புதமாக இருந்தது, அலகுக்கு 44 பணிகள் என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டேன். இரண்டாம் வாரம் என் கணக்குப் பக்கத்தில் செல்லாத விடைகள் தலைகாட்டின. கணினி உறையவில்லை, திரை கலங்கவில்லை, எந்த எச்சரிக்கையும் இல்லை. கணக்குத்தான் பிழைத்திருந்தது.

ஐன்ஸ்டைன் அட் ஹோமில் ஒரே பணி இரண்டு வெவ்வேறு கணினிகளுக்கு அனுப்பப்பட்டு, இரு விடைகளும் ஒத்துப்போனால்தான் ஏற்கப்படும். 2010இல் இந்தத் திட்டத்தின் முதல் புதிய வானொலித் துடிவிண்மீன் கண்டுபிடிக்கப்பட்டபோது, அமெரிக்காவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் தன்னார்வலர்களின் பெயர்கள் சேர்ந்தே வெளியானதற்கு இந்த இரட்டைச் சரிபார்ப்பே காரணம். என் விடை பொருந்தாதபோது, அந்தப் பணி மூன்றாவதாக யாரோ ஒருவரிடம் போகிறது. என் அலகும் வீண், அங்கே அவர் செலவழிப்பதும் என்னால் வந்த மேலதிகச் செலவு. நூற்றுக்கு ஆறு பணி செல்லாமற்போனாலே 44 என்பது 41 ஆகிவிடும். அதற்கு மேல் ஒவ்வொன்றும் பிறருக்கு நான் வைக்கும் கடன். மீடிறனைப் பழைய நிலைக்கே கொண்டுவந்தேன். ஒரு மாற்றத்தைச் செய்தால் குறைந்தது இரண்டு வாரமாவது செல்லுபடிப் பட்டியலைப் பார்த்த பிறகே அதை ஆதாயம் என்று எழுத வேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றேன். வெயில் ஏறிய பிற்பகல்களில் வந்த பிழைகளே அதிகம் என்பது இன்னொரு பாடம்.

வெயில் என்றதும் திருகோணமலையின் கதைக்கு வந்துவிடுகிறோம். குளிர்நாட்டுத் தன்னார்வலர்கள் பலர், மாரிகாலத்தில் கணினி விடும் வெப்பம் அறையைச் சூடாக்குவதால் அந்த மின்சாரம் வீணாவதில்லை என்று சொல்வார்கள். அவர்கள் ஊருக்கு அது நியாயமான கணக்கு. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வறட்டிக்கொண்டு வீசும் இந்த ஊரில், சுவரிலிருந்து எடுத்த ஒவ்வொரு வாட்டும் அறைக்குள் வெப்பமாக இறங்கி, அதை வெளியேற்ற இன்னொரு வாட்டைக் கேட்கிறது. 128 வாட்டில் கணினியை மிகச் சிக்கனமாக ஓட்டுகிறேன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், அந்த அறையில் இருக்க முடியாமல் 60 வாட் கூரை மின்விசிறி முழுநேரமும் சுழன்றுகொண்டிருந்தது. அதைக் கணக்கில் சேர்த்தால் 188 வாட். ஓர் அலகுக்கு 28 பணிகள். ஒன்றுமே செய்யாமல் 125 வாட் எல்லையில் விட்டு, விசிறி இல்லாத இடத்தில் வைத்திருந்தால் கிடைத்திருக்கும் 34ஐவிட இது குறைவு. வாரக்கணக்கில் கட்டளைகளோடு மல்லுக்கட்டிப் பெற்ற ஆதாயத்தை ஒரு மின்விசிறி தின்றுவிட்டது.

ஆகவே கணினியைப் பின்விறாந்தைக்கு மாற்றினேன். கூரை நிழல் உண்டு, காற்று குறுக்காக ஓடும், ஆள் உட்காரும் இடமல்ல. விசிறி வேண்டியதில்லை. ஆனால் கடற்கரையிலிருந்து நாங்கள் சிறிது தூரத்தில்தான் இருக்கிறோம். எட்டாவது மாதம் பெட்டியைத் திறந்தபோது, கார்டைப் பெட்டியோடு இணைக்கும் தகட்டின் திருகாணிகள் பழுப்பேறியிருந்தன. வெப்பம் உறிஞ்சும் அலுமினியத் தகடுகளின் விளிம்பில் சாம்பல் வெள்ளையாய் ஒரு படலம், விரலால் தேய்த்தால் ஈரப்பசையோடு ஒட்டும் தூசு. சாதாரணத் தூசு ஊதினால் போய்விடும்; உப்புப் படிந்த தூசு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. மென்தூரிகையும் ஐசோபுரோப்பைல் அற்ககோலும் கொண்டு ஒரு பிற்பகல் முழுவதும் துடைத்தேன். துடைத்த பிறகு கார்டின் வெப்பநிலை 7 பாகை இறங்கியது. 80 வாட் எல்லை மாறாமலே பணி ஒன்றுக்குப் பத்து வினாடி குறைந்தது. சில்லு சூடாகும்போது அதன் கசிவு மின்னோட்டம் கூடுகிறது, எல்லைக்குள் இருக்க வேண்டுமென்பதால் மீடிறன் அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிறது. காலைப் பணிகள் பிற்பகல் பணிகளைவிட விரைவாக முடிவதன் காரணமும் அதுவே. இப்போது பெட்டியின் முன்புறத்தில் நுளம்பு வலைத் துண்டு ஒன்றைக் கட்டியிருக்கிறேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழுவிக் காயவைக்கிறேன். பல்லிகளையும் அது தடுக்கிறது. வாடைக்காற்றோடு மழை சாய்ந்தடிக்கும் நாட்களில் மட்டும் பெட்டி உள்ளே வரும். அப்போது அறையும் குளிர்ந்திருக்கும், விசிறிக்கும் தேவையில்லை.

எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்ற கேள்விக்கு மின்பட்டியலே விடை சொன்னது. இலங்கையில் வீட்டுப் பாவனைக்கு அலகின் விலை படிப்படியாக ஏறும், 180 அலகைத் தாண்டுவதுதான் உச்சப்படி, அங்கே நிலையான கட்டணமும் கூடும். தன்னார்வக் கணினி எடுக்கும் அலகுகள் எப்போதும் வீட்டுப் பாவனையின் உச்சியில் போய் உட்காருகின்றன. எனவே அவற்றின் விலை பட்டியலின் சராசரி விலையல்ல, கடைசிப் படியின் விலை. 140 அலகு எடுக்கும் வீட்டில் எனக்கு 40 அலகு இடம் இருந்தது. 128 வாட்டில் நாளுக்கு 6 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 23 அலகு. பணிகளைத் தருவித்து நடத்தும் பொயிங்க் மென்பொருளில் கணிக்கும் நேரத்தைக் காலை 9 முதல் பிற்பகல் 3 வரை என்று வைத்தேன்.

வைத்துவிட்டு மீதி 18 மணி நேரமும் கணினியைச் சும்மா எரியவிட்டேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. வேலையின்றி நிற்கும்போது அது 36 வாட் எடுக்கிறது. 18 மணி நேரத்துக்கு 0.65 அலகு. வேலை செய்த 6 மணி நேரத்துக்கு 0.77 அலகு. இரண்டையும் கூட்டினால் ஓர் அலகுக்கு 22 பணிகள்தான். 41 என்று நான் எழுதி வைத்திருந்த எண்ணில் பாதி, உறங்காத கணினிக்குப் போயிருந்தது. மனைவி கேட்ட கேள்வி எவ்வளவு சரியானது என்று அப்போது புரிந்தது. இப்போது 3 மணிக்கு அது முழுமையாக அணைகிறது, கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸில் வைத்த நேரத்தின்படி காலையில் தானே எழும்புகிறது.

பகலைத் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. நாட்டின் மின்கேள்வி மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் இடையில் உச்சத்தில் இருக்கும். பகலில், குறிப்பாக வெயிலடிக்கும் விடுமுறை நாட்களில், கூரைச் சூரிய மின்சாரம் மிதமிஞ்சுவதும் உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. மாலையில் எடுக்கும் ஓர் அலகும் நண்பகலில் எடுக்கும் ஓர் அலகும் என் பட்டியலில் ஒன்றுதான் என்றாலும், மின்வலையில் ஒன்றல்ல. நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் நண்பர் ஒருவர், தன் கூரையில் தகடுகள் இருப்பதால் கணினி இலவசமாக ஓடும் என்று என்னிடம் சொன்னார். அவர் மிகுதி மின்சாரத்தை விற்கும் முறையில் இணைந்திருப்பவர். கணினிக்குப் போகும் ஒவ்வோர் அலகும் அவர் விற்காமல் விட்ட அலகு. இலவசம் என்பது அவர் மாதக் கொடுப்பனவைப் பார்க்கும் வரையில்தான்.

சென்ற ஆண்டுப் பாடசாலை விடுமுறையில் என் அண்ணனின் மகன், பெறாமகன், தான் புதிதாக வாங்கிய ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை இரண்டு வாரத்துக்குத் தந்தான். "சித்தப்பா, இது கேம் விளையாட வாங்கினது. சூடாக்கிப் பழுதாக்கிப் போடாதேங்கோ" என்ற நிபந்தனையுடன்தான். அலமாரியில் கிடந்த பழைய 970ஐயும் எடுத்து, மூன்றையும் ஒரே கணினியில், ஒரே வகைப் பணியில் ஓட்டிப் பார்த்தேன். 2014இல் வெளிவந்த 970 இயல்பு நிலையில் ஓர் அலகுக்கு 18 பணிகள் முடித்தது. 2019இன் 1660 சூப்பர், நாம் கண்டபடி, 34. 2023இன் 4060 பணியொன்றை 7 நிமிடத்தில் முடித்துச் சுவரில் 165 வாட் எடுத்தது, அலகுக்கு 52. அதன் மீடிறனை 2100 மெகாஹேர்ட்ஸில் பூட்டியபோது 8 நிமிடம், 122 வாட், அலகுக்கு 61.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறு. தாளில் உள்ள எண்களின்படி 1660 சூப்பர் செக்கனுக்கு 5 டெராஃபிளாப் (ஒரு டெராஃபிளாப் என்பது இலட்சம் கோடி கணக்குகள்), 4060 செக்கனுக்கு 15 டெராஃபிளாப்; மின்செலவோ 125 வாட்டுக்கு எதிராக 115 வாட். மூன்று மடங்குக்கும் மேல் வினைத்திறன் வந்திருக்க வேண்டும், ஒன்றரை மடங்குதான் வந்தது. துடிவிண்மீன் தேடும் பணி பெருமளவில், ஓர் அலையை அதன் மீடிறன்களாகப் பிரிக்கும் ஃபூரியே மாற்றங்களால் ஆனது. அது கூட்டல் பெருக்கலைவிட நினைவகத்திலிருந்து தரவை இழுப்பதிலேயே காத்துக்கிடக்கிறது. நினைவக வேகத்தில் 1660 சூப்பர் செக்கனுக்கு 336 கிகாபைட், புதிய 4060 செக்கனுக்கு 272 கிகாபைட். புதியதில் 24 மெகாபைட் இரண்டாம் நிலைப் பதுக்ககம் (அடிக்கடி வேண்டும் தரவைச் சில்லுக்குள்ளேயே வைக்கும் கேஷ்) இருப்பதால்தான் இந்த அளவாவது முந்தியது. பெட்டியின் மேல் அச்சிட்ட டெராஃபிளாப்பை வாட்டால் வகுத்துக் கார்டு வாங்குபவர், தான் செய்யப்போகும் பணி எங்கே தடைப்படுகிறது என்பதை வகுத்தலில் சேர்க்க மறந்துவிடுகிறார்.

ஒவ்வோர் எண்ணுக்கும் இரு மடங்கு இடம் ஒதுக்கிச் செய்யும் இரட்டைத் துல்லியக் கணக்குகளில் இது இன்னும் வினோதமாக இருக்கும். இன்றைய என்விடியா விளையாட்டுக் கார்டுகளில் இரட்டைத் துல்லிய வேகம் ஒற்றைத் துல்லியத்தின் 64இல் ஒரு பங்கு. 2011 இறுதியில் அறிமுகமான ஏஎம்டி ரேடியான் எச்டி 7970இல் அது நாலில் ஒரு பங்கு. அதனால், நம் பால்வெளியை ஆராயும் மில்கிவே அட் ஹோம் திட்டம் இரட்டைத் துல்லியத்தில் கார்டுப் பணிகளை அனுப்பிய காலத்தில், 250 வாட் எடுக்கும் அந்தப் பழைய கார்டு, வேகத்தில் மட்டுமல்லாமல் தாளில் வாட்டுக்கான வேலையிலும் புதியவற்றில் பலவற்றை வென்று நின்றது. திட்டத்தைத் தெரிவு செய்த பிறகே கார்டைத் தெரிவு செய்ய வேண்டும். மறுபுறமாகச் செய்தால் இப்படிப்பட்ட அதிசயங்களை விலை கொடுத்துக் கற்க நேரிடும்.

4060ஐத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. கணக்குப் பார்த்தேன். மாதம் 23 அலகில் நான் செய்யும் அதே 940 பணிகளை அது ஏறத்தாழ 15 அலகில் முடிக்கும். மிச்சம் 8 அலகுக்கும் குறைவு; பத்து ஆண்டுகளில் சுமார் 900 அலகு. அப்போது ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் விலையிருந்த கார்டை இதற்காக வாங்கினால், மிச்சப்படும் ஒவ்வோர் அலகையும் 100 ரூபாய்க்கு மேல் கொடுத்து முன்கூட்டியே வாங்கியதாக ஆகும். இருபத்து நான்கு மணி நேரமும் ஓட்டுபவருக்கு இந்தக் கணக்கு நான்கு மடங்கு சாதகமாக மாறும், அவர் வாங்குவதில் பொருள் உண்டு. என்னைப் போல் நாளுக்கு ஆறு மணி நேரக்காரருக்குப் பழைய கார்டும் 80 வாட் எல்லையும் போதும். 970ஐ மட்டும் இனி யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. வகுப்பில் பாகங்களைக் கழற்றிக் காட்ட வைத்திருக்கிறேன்.

கார்டைத் தன் கணினியில் மறுபடி பொருத்திய பெறாமகன், விளையாடாத நேரத்தில் அவனும் துடிவிண்மீன் தேடத் தொடங்கியிருக்கிறான். போன கிழமை இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்தான். பின்னணியில் அண்ணி எதற்காக வீடு இருண்டு கிடக்கிறது என்று கேட்பது கேட்டது. "சித்தப்பா, எங்கட மீற்றரிலை 1600 எண்டு இல்லை, 1000 எண்டு கிடக்குது. கணக்கு மாறுமோ?" என்றான். மாறும், 122 வாட் என்றால் ஒரு சிமிட்டலுக்கு இருபத்தொன்பதரை வினாடி வரவேண்டும், பத்துச் சிமிட்டலுக்கு ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்க வேண்டியிருக்கும் என்றேன். குளிர்சாதனப் பெட்டியை மறக்காமல் திரும்பப் போடச் சொன்னேன்.